இலையில் வந்த சொற்கள் – 11: அசைவம் என்னும் பெயர்

தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு வழி கூறும் முகமாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை, அந்நாளைய தொண்டை நாட்டின் போஜன அட்டவணை என்றே கருதிப் படிப்பது என் வழக்கம். இன்ன நிலத்தில் இன்னது கிடைக்கும் என்று அப்பாணன் சொல்லிக்கொண்டே போகிறான். எயினர் குடியிலே ஈந்தின் விதை போன்ற செந்நெற்சோறும் நாய் கவ்வி வந்த உடும்பின் பொரியலும் கிடைக்கும். கோவலர் குடியிலே பாலோடு கூடிய தினைச்சோறு. உழவர் மனையிலே வெண்சோற்றோடு வீட்டில் வளர்ந்த கோழியின் வாட்டு. வலைஞர் சேரியைக் கடந்து நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தை அடைந்தால், பெட்டையோடு சேரவிடாமல் குழியிலே நிறுத்தி, நெல்மாவைத் தீனியாக இட்டுப் பல நாள் கொழுக்கவைத்த ஆண்பன்றியின் தசை கள்ளோடு வருமாம். இவற்றுக்கு நடுவே மறை ஓதுவார் வாழும் ஊர் ஒன்றும் உண்டு. அங்கே கிடைப்பது சோறும், பிளந்த மாதுளங்காயோடு மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பசுவெண்ணெயில் வெந்த பொரியலும், மாவடு ஊறுகாயும்.

இவ்விருந்துகளில் ஒன்றை உயர்த்தியோ மற்றொன்றைத் தாழ்த்தியோ அப்பாணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடும்பு தின்போரையும் மாதுளங்காய் உண்போரையும் இரண்டு ஜாதி மனிதர்களாகப் பிரிக்கத்தக்க சொல்லும் அவனிடம் இல்லை. அதைவிட விசேஷமான சங்கதி, அந்த மாதுளங்காயின்மேல் தூவிய மிளகுக்குப் புலவர் இட்ட பெயர் 'கறி' என்பதாகும். இன்று மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஞாயிற்றுக்கிழமைக் காலையில் 'கறி எடுத்தாச்சா' என்று ஒருவர் கேட்டால் ஆட்டிறைச்சியையன்றி வேறொன்றை நினைப்பார் இல்லை. அதே சொல், ஆட்டையும் கோழியையும் காணாத அந்தணர் இலையிலே மிளகாக வீற்றிருந்த காலம் ஒன்று இருந்தது. மிளகைக் குறித்த சொல், மிளகு சேர்ந்த தொடுகறியைக் குறித்து, பின்பு சோற்றோடு சேரும் எல்லாவற்றையும் குறித்து, கடைசியில் தமிழகத்தின் பெரும்பகுதியில் ஆட்டுத்தசையோடு ஐக்கியமாகிவிட்டது. இலங்கையிலோ 'மரக்கறி' என்று அடைகொடுத்துக் காய்களுக்கும் அச்சொல்லில் பங்கு வைத்திருக்கிறார்கள்.

உயிர்களைக் கொன்று தின்னும் வழக்கத்துக்குத் தமிழிலே பெயர் எப்போது உண்டாயிற்று, யார் இட்டார்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் விசாரணை. தின்னப்படும் பொருளுக்குப் பெயர் உண்டாவது ஒன்று. தின்னும் வழக்கத்துக்குப் பெயர் உண்டாவது முற்றிலும் வேறொன்று. முன்னது வேட்டுவர் குடியிலும் அடுக்களையிலும் பிறக்கிறது. பின்னது, நான் பார்த்தவரையில், உண்ண மறுத்தவர்களின் வாயிலேதான் பிறந்திருக்கிறது.

பொருளின் பெயர்களுக்குச் சங்க நூல்களிலே பஞ்சமே இல்லை. ஊன் என்றால் தசை, உடம்பும் அதுவே. துண்டாக அறுத்தது தடி; கொழுப்பு நிணம்; தீயில் வாட்டியது சூடு. தசையும் உண்டு, இறைச்சியும் உண்டு. இந்த இறைச்சி என்ற சொல்லைத் தொல்காப்பியர் பொருளியலில் ஆளுகிறபோது அதற்கு அடுக்களையோடு யாதொரு சம்பந்தமும் இல்லை. மரமும் பறவையும் விலங்குமாகிய கருப்பொருள்களைச் சொல்லும் சாக்கில், வெளிப்படச் சொல்லாத அகப்பொருள் ஒன்றைக் குறிப்பாகத் தோற்றுவிக்கும் உத்திக்கு அவர் இட்ட பெயர் அது. கவிதையின் உள்ளே மறைந்து நிற்கும் பொருளுக்கும் தோலுக்குள்ளே மறைந்து நிற்கும் தசைக்கும் ஒரே பெயர் வந்தது எப்படி என்று யோசிப்பது சுவாரஸ்யமான பொழுதுபோக்கு; ஆனால் அது நம்மை வழியிலிருந்து வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நமக்கு வேண்டியது புலவு, புலால் என்னும் சொற்கள். இவற்றைப் பழம்பாடல்கள் பெரும்பாலும் மூக்கின் வழியாகவே அறிகின்றன. நெய்தல் நிலத்திலே மீன் உலர்த்தும் மணலிலிருந்து வீசுவது புலவு நாற்றம். நாற்றம் என்ற சொல் அக்காலத்தில் நறுமணத்துக்கும் பொது என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. நற்றிணையின் 45ஆம் பாட்டிலே, பெருநகரத்துச் செல்வன் ஒருவன் பரதவர் மகளை விரும்பி வருகிறபோது, தோழி அவனைத் தடுத்து, நாங்கள் சுறாமீனின் தசையை அறுத்து உலர்த்திக் காவலிருக்கும் குடியினர், எங்கள்மேல் புலவு நாறும், எட்டி நில் என்கிறாள். அந்தப் பேச்சிலே பணிவு அணுவளவும் கிடையாது. அவள் சொல்லும் புலவு அவளுடைய தொழிலின் மணம். எங்கள் கடல்வாழ்வு உங்கள் செல்வத்துக்குக் குறைந்ததன்று என்று அவளே அடுத்துச் சொல்லியும் விடுகிறாள். புறநானூற்றின் 14ஆம் பாட்டிலே கபிலர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் அவருடைய கையைப் பற்றி, இது மெல்லியதாயிருக்கிறதே என்று வியந்தபோது, உன் கை யானையின் தோட்டியையும் வில்லையும் பிடித்து வலிதாயிற்று, உன்னைப் பாடுவோர் கைக்கோ புலவு மணக்கும் தசையையும் துவையையும் கறியையும் சோற்றையும் உண்டு வருந்துவதன்றி வேறு தொழில் இல்லை, ஆகையால் மெல்லியவாயின என்று மறுமொழி சொல்லுகிறார். தம்மை அந்தணன் என்று வேறிடத்தில் தாமே சொல்லிக்கொண்ட புலவர், ஊன் உண்டதை அரசன் முன்னிலையில் இவ்வளவு சகஜமாகப் பேசுகிறார். அந்தணர் எல்லாரும் மாதுளங்காயே உண்டார்கள் என்று பெரும்பாணாற்றுப்படையை மட்டும் கொண்டு முடிவுகட்டுவோருக்கு இந்தப் பாட்டு சற்றுச் சங்கடமானது.

நாற்றமாயிருந்த புலால், அறத்தின் நியாயஸ்தலத்திலே குற்றவாளியாக நின்றது திருக்குறளில். 26ஆம் அதிகாரத்துக்குப் புலால் மறுத்தல் என்று பெயர். அதிகாரத்தின் உள்ளே வள்ளுவர் அதிகமாக ஆளுவது ஊன் என்ற சொல்லைத்தான். அந்தத் தேர்விலே ஒரு தந்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தின்பவனுடைய உடம்பும் ஊன், தின்னப்படுவதன் உடம்பும் ஊன். தன் ஊனை வளர்ப்பதற்காகப் பிறிதொன்றன் ஊனைத் தின்பவனிடம் அருள் எங்கிருந்து வரும் என்று முதற்குறளிலே அவர் கேட்கிறபோது, வாதம் முழுவதையும் அந்த ஒரு சொல்லின் இரட்டைப் பொருளே சுமந்து நிற்கிறது. புலால் என்பது வேறோர் உடலின் புண் என்று பின்னொரு குறளிலே அவர் சொல்லுவதும் இதே வழியில்தான். தின்பதற்கு ஆள் இல்லையானால் விலைக்கு விற்பதற்கும் ஆள் இருக்கமாட்டார் என்ற குறளிலே அவர் கடைத்தெருவுக்கே போய்விடுகிறார். கொன்றவன் வேறு, வாங்கியவன் வேறு என்று தப்பித்துக்கொள்ள நினைப்பவனுக்கு அங்கே வழி அடைபட்டுவிடுகிறது.

இவ்வளவு தீர்க்கமாகப் பேசுகிற அதிகாரம், இல்லறவியலில் இடம்பெறாமல் துறவறவியலில் அமைந்திருக்கிறது. ஆகவே, இல்வாழ்வானுக்கு இவ்விதி உண்டா இல்லையா என்று விவாதிப்பதற்கு இன்றைக்கும் இடம் இருக்கிறது. நாலடியார் இத்தகைய நயங்களிலெல்லாம் மனத்தைச் செலுத்துவதில்லை. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் புல்லறிவாளரின் வயிறே இடுகாடு என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறது.

விற்பவன், வாங்குபவன் என்ற இந்தத் தர்க்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், கொலைக்கு இசைந்தவன், அறுத்தவன், கொன்றவன், வாங்கியவன், விற்றவன், சமைத்தவன், பரிமாறியவன், உண்டவன் என்று எல்லாரையும் கொலைஞர் என்ற ஒரே பட்டியலில் வைக்கிறது. அதே அத்தியாயத்தில் மாம்ஸம் என்ற சொல்லுக்கு ஒரு நிருக்தமும் வருகிறது. 'மாம்' என்றால் என்னை, 'ஸ:' என்றால் அவன். இவ்வுலகில் எவனுடைய தசையை நான் உண்கிறேனோ, அவன் மறுவுலகில் என்னை உண்பான் என்பதையே அச்சொல் உணர்த்துகிறதாம். பாஷா சாஸ்திரிகள் இதை ஒப்பமாட்டார்கள். ருஷிய மொழியில் இறைச்சிக்கு வழங்கும் 'மியாஸ' என்ற சொல்லும் இதுவும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த சகோதரங்கள் என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் சொல்லைப் பிளந்து பயத்தை உள்ளே வைத்த அந்த ஸ்மிருதிகாரரின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. அடுத்த சுலோகத்திலேயே அவர் சுருதி இறங்கிவிடுகிறது: மாமிசம் உண்பதிலும் மது அருந்துவதிலும் தோஷம் இல்லை, அது பிராணிகளின் பிரவிருத்தி, அதாவது இயல்பான போக்கு; அதிலிருந்து விலகும் நிவிருத்தியோ மகாபலனைத் தருவது என்கிறார். பிரவிருத்தி என்ற அந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். இரண்டாயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில், அமெரிக்காவிலே அதற்கு மறுமொழி ஒன்று வரப்போகிறது.

மறுத்தவர்களுக்குள்ளும் ஒற்றுமை இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. மணிமேகலையிலே சாதுவன் என்னும் வணிகன் கப்பல் உடைந்து, மனிதரையே தின்னும் நாகர் வாழும் மலையிலே கரையேறுகிறான். அவர்கள் பாஷையை அறிந்திருந்தபடியால் உயிர் தப்பி, அவர்களுடைய தலைவனுக்கு அறமும் போதிக்கிறான். கள்ளும் ஊனும் இன்றி நாங்கள் வாழ்வது எப்படி என்று தலைவன் கேட்கிறபோது, சாதுவன் அவனிடம் துறவியின் விரதத்தைத் திணிக்கவில்லை; மரக்கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதே, மூத்துத் தானாக இறக்கும் விலங்கைத் தவிர மற்ற உயிரைக் கொல்லாதே என்று இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறான். பௌத்த காவியத்தின் இந்தச் சமாதானம், சமணருக்குச் சம்மதமாயிராது. தனக்காகக் கொல்லப்பட்டதென்று பார்க்காத, கேட்காத, ஐயுறாத ஊனைப் பிக்ஷு ஏற்கலாம் என்பது பௌத்த விநயத்தின் பழைய விதி. இதன்மேல் நீலகேசியின் ஆசிரியர் பாய்கிற வேகத்தைப் படித்தால், அவருக்கு வேள்வி செய்வோரைவிடப் பௌத்தர்மேலேயே கோபம் அதிகம் என்று தோன்றும். உண்பவன் இருப்பதனால்தான் கொல்பவன் இருக்கிறான் என்பதே அந்நூலின் கட்சி. காளிக்குப் பலியாக ஆடு கோழி கொடுக்க வந்தவர்களை, மண்ணாற் செய்த உருவங்களைப் படைக்கும்படி ஒரு சமண முனிவர் திருப்பிவிட்டதனால் மூண்ட சண்டையிலேதான் அக்காவியத்தின் கதையே தொடங்குகிறது.

ஆக, ஏழாம் நூற்றாண்டு வரையில் தமிழ்நாட்டிலே புலாலைப் பெயர் சொல்லிக் கண்டித்த குரல்களில் ஓங்கி ஒலித்தது சமணரின் குரல். அப்படியிருக்க, புலால் உண்ணாமைக்குச் சமணம் என்று பெயர் வராமல் சைவம் என்று பெயர் வந்ததுதான் நம்முடைய பாஷையின் பெரிய விநோதம்.

சைவம் என்ற சொல்லின் இலக்கணம் எளிது. சிவனைச் சார்ந்தது சைவம். விஷ்ணுவைச் சார்ந்தது வைஷ்ணவம் ஆவது போலத்தான். மணிமேகலையிலே சமயக் கணக்கர் கூட்டத்தில் சைவவாதி ஒருவன் நின்று பேசுகிறான். அவன் பேசுவது ஈசனைப் பற்றி, அடுப்பைப் பற்றி அன்று. 'அ' என்ற எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால் அசைவம். நேர்ப்பொருள் சிவனைச் சாராதது என்பதாகும். இந்தக் கணக்கின்படி, பூண்டும் வெங்காயமும்கூடத் தீண்டாத ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர் அசைவர் ஆகிறார். தேவாரத்திலோ அதற்கு முற்பட்ட நூல்களிலோ சைவம் என்ற சொல் உணவைக் குறித்து வழங்கியதில்லை.

வழங்கியிருக்கவும் முடியாது. காளத்திமலையிலே குடுமித்தேவரைக் கண்ட திண்ணனார், தாம் வேட்டையாடிய பன்றியின் தசையைத் தீயில் வதக்கி, நல்ல பகுதி எது என்று வாயில் அதுக்கிப் பார்த்து, தேனும் கலந்து கொண்டுபோய்ப் படைத்தார். மறுநாள் பூஜைக்கு வந்த சிவகோசரியார் சந்நிதியிலே எலும்பையும் இறைச்சியையும் கண்டு பதறி, துடைத்துச் சுத்தி செய்தார். இறைவனோ கனவிலே தோன்றி, அந்த வேடனின் வாயில் பட்டதெல்லாம் எனக்கு இனியது என்றான். திருச்செங்காட்டங்குடியிலே சிறுத்தொண்டர், பைரவ வேடம் பூண்டு வந்த அடியவருக்குத் தம் மகன் சீராளனையே கறியாக்கிப் படைத்தார். இளையான்குடி மாறனாரோ மழை பெய்யும் நள்ளிரவிலே விதைத்த நெல்லை வாரிவந்து சோறாக்கி, குழியிலிருந்து பறித்த கீரையைக் கறியாக்கிப் படைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் இம்மூவரையும் ஒரே பக்தியின் தராசிலே வைத்துப் பாடுகிறார். கீரை படைத்தவருக்கு ஒரு மாற்றுக் கூடுதல் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவருக்கு ஐந்நூறு ஆண்டு முற்பட்ட நாவுக்கரசர், பசுவை உரித்துத் தின்று திரியும் புலையரேயானாலும் கங்கையைச் சடையில் கரந்தவனுக்கு அன்பரானால், அவரே நாம் வணங்கும் கடவுள் என்று பாடிவிட்டார். இத்தனைக்கும் அவர் தருமசேனர் என்ற பெயரோடு சமணப் பள்ளியிலே வாழ்ந்துவிட்டு வந்தவர். புலால் மறுத்தலின் நுட்பங்களை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

பின் எப்படி இந்தப் பெயர் வந்தது? சம்பந்தரும் நாவுக்கரசரும் வாதத்திலே சமணத்தை வென்றார்கள். சமணரின் உணவு ஒழுக்கமோ வென்றவர்களின் வீட்டுக்குள்ளே குடியேறிவிட்டது என்பது என் அபிப்பிராயம். திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலேயே கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. பிற்காலத்திலே திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் வேளாளத் தம்பிரான்களின் ஆதீனங்கள் தழைத்து, சைவ நூல்களுக்கும் கோயில்களுக்கும் காவலர்களாக அமைந்தபோது, அம்மடங்களின் பந்தியே சைவத்தின் பந்தி ஆயிற்று. தீக்ஷை பெற்றவர் ஊன் உண்ணலாகாது என்ற நியமம் நாளடைவிலே, ஊன் உண்ணாதவரே சைவர் என்று தலைகீழாக நின்றது. திருநெல்வேலிப் பக்கத்திலே 'சைவப் பிள்ளைமார்' என்கிறபோது, அந்த அடைமொழி கடவுளைக் குறிக்கிறதா சாப்பாட்டைக் குறிக்கிறதா என்று பிரித்துச் சொல்லுவது அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இரண்டு பேர் இந்தப் பிரிவினைக்கு அச்சுவடிவம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், பாதிரிமாரின் பாடசாலைகளுக்கு எதிராகச் சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவி, சிறுவர்களுக்கென்று எழுதிய நான்காம் பாலபாடத்திலே, கொலை, களவு ஆகியவற்றோடு புலாலுண்ணலுக்கும் ஒரு பாடம் ஒதுக்கினார். மடத்துப் பந்தியின் நியமம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் மனப்பாடமாக மாறியது இங்கே. மீனும் நண்டும் இறாலும் நிறைந்த பரவைக் கடல் சூழ்ந்த தீபகற்பத்திலே இப்பாடம் முற்றிலும் பலித்ததென்று சொல்லமுடியாது. பலித்தது இவ்வளவு: வெள்ளிக்கிழமையும் கோயில் கொடியேற்றமும் வந்தால் சட்டி பானை வேறாகிவிடும். யாழ்ப்பாணத்தார் மறுபக்கத்தை அசைவம் என்று சொல்லுவதைவிட 'மச்சம்' என்று சொல்லுவதே பெருவழக்கு. மத்ஸ்யம் என்ற வடசொல்லின் திரிபாகிய அச்சொல், மீனைக் குறிப்பதோடு நில்லாமல் ஆட்டையும் கோழியையும் வலைக்குள் இழுத்துக்கொண்டது. கடற்கரை நாட்டார் பேச்சில் மீனே எல்லா ஊனுக்கும் பிரதிநிதியாக நின்றதில் வியப்பில்லை. 'இண்டைக்கு மச்சமோ, சைவமோ' என்று அங்கே வீட்டிலே கேட்பார்கள்.

மற்றொருவர் வடலூர் வள்ளலார். நாவலரும் அவரும் அருட்பாவைக் குறித்து எதிரெதிராக நின்றது எல்லாரும் அறிந்தது. புலாலைப் பற்றிய மட்டில் இருவரும் ஒரே பக்கம். 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, அங்கே மூட்டிய அடுப்பை அணையாது காக்க ஏற்பாடு செய்த இராமலிங்க அடிகள், சாதியையும் சமயத்தையும் தள்ளிவிட்டு மனிதரை இரண்டே வகையாகப் பிரித்தார். கொல்லாமலும் ஊன் உண்ணாமலும் இருப்பவர் அகவினத்தார், மற்றவர் புறவினத்தார். அவருடைய பிரயோகத்திலே 'கொலை புலை' என்பது இணைபிரியாத ஜோடி. புலை என்றால் புலால் உண்ணல். பழந்தமிழிலே இழிவையும், இழிந்தவராக ஒதுக்கப்பட்ட மக்களையும் சுட்டி வந்த ஒரு சொல்லை அவர் அந்த மக்களின்மேலிருந்து எடுத்து, எந்த ஜாதியானாலும் ஊன் உண்பவன் இலையின்மேல் வைத்தார் என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஞானசபையின் வாசலிலே, கொலை புலை தவிர்த்தவர் மட்டுமே உள்ளே புகலாம் என்ற அறிவிப்பு இன்றும் இருக்கிறது. ஆனாலும் பசியென்று வந்த புறவினத்தாருக்குச் சோறு இல்லை என்று அவர் சொல்லவில்லை. பசியை நீக்குங்கள், அவ்வளவோடு நில்லுங்கள் என்பது அவர் கட்டளை. சைவம், அசைவம் என்ற ஜோடியிலே உள்ள சமயப் பெயரின் குழப்பம் இல்லாமல், உண்ணும் செயலை மட்டும் அளவுகோலாக வைத்துத் தமிழிலே செய்த வகைப்பாடு இதைப் போல வேறொன்று எனக்குத் தென்படவில்லை. வாழ்வு பெறாமற்போனதும் அதுவேதான். கடைத்தெருப் பலகையிலே 'புறவினத்தார் உணவகம்' என்று எழுத எவனுக்குத்தான் மனம் வரும்?

பலகை எழுதுகிறவர்கள் வேறு பெயர்களைத் தேடிக்கொண்டார்கள். காய்கறிச் சாப்பாட்டுக் கடைகள் சைவம் என்ற சொல்லைச் சுவீகரித்துக்கொண்ட பிறகு, ஊன் சமைப்பவர்கள் 'மிலிட்டரி ஓட்டல்' என்று எழுதினார்கள். மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து புறப்பட்டவர்களோ தங்கள் ஊர்க்காவல் தெய்வத்தின் பெயரையே வைத்து, நாடெங்கும் 'முனியாண்டி விலாஸ்' நடத்தினார்கள். அந்த ஊர்த் திருவிழாவிலே முனியாண்டிக்குப் படைத்து ஊராருக்கு வழங்கும் பிரசாதம் ஆட்டுக்கறிப் பிரியாணி. அசைவம் என்று ஒருவர் எட்ட நின்று இட்ட பெயருக்குப் பதிலாக, தாங்களே ஒரு தெய்வத்தின் பெயரை எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இவர்கள். வீட்டுப் பேச்சிலே இன்னும் பழைய வழியே நிற்கிறது. 'கவிச்சி ஆகாது', 'கவிச்சிச் சட்டியைத் தனியே வை' என்று பாட்டிமார் சொல்லுகிறபோது, நற்றிணைத் தோழியின் புலவு வேறு பெயரிலே வந்து மூக்கைத் தொடுகிறது. அவளுக்கு இருந்த கர்வம் மட்டும் கூட வரவில்லை.

மறுப்பவன் பெயர் இடுகிறான் என்ற இந்த விதி நம் நாட்டோடு நிற்பதன்று. இங்கிலாந்திலே ஊன் உண்ணாதாரை, கிரேக்க ஞானி பிதாகோரஸின் பெயரால் பிதாகோரியர் என்று அழைத்துவந்தார்கள். 1847ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரிலே கூடிய கூட்டத்தில் ஒரு சங்கம் பிறந்து, வெஜிடேரியன் என்ற பெயரை நிலைநாட்டியது. அதற்கு எதிர்ப்பதம் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஊன் உண்பவன் அந்நாட்டிலே வெறும் மனிதன். 'நான்-வெஜிடேரியன்' என்ற பிரயோகத்தை ரயில்வே உணவுச் சீட்டிலும் கல்யாணப் பொருத்த விளம்பரத்திலும் வாழவைத்தவர்கள் நம்மவர்கள். அசைவம் என்ற எதிர்மறையை நாவிலே பழகிய ஜனங்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை போலும்.

2001ஆம் ஆண்டிலே மெலனி ஜாய் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இந்தக் குறையைக் கையிலெடுத்தார். காய்கறி உண்பவனுக்கு ஒரு கொள்கை இருக்கிறது, அதற்குப் பெயரும் இருக்கிறது. ஊன் உண்பவனுக்கு மட்டும் கொள்கை எதுவும் இல்லாதது போல, அது இயற்கை போல, ஏன் பேசுகிறோம் என்று கேட்டு, தசையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'கார்னிசம்' என்று ஒரு பெயரை அவர் உண்டாக்கினார். நாயைக் கொஞ்சிவிட்டுப் பன்றியைத் தின்னும் மனநிலை, கண்ணுக்குத் தெரியாத ஒரு நம்பிக்கை முறை. அது வழக்கமானது, இயற்கையானது, அவசியமானது என்ற மூன்று சமாதானங்களின்மேல் நிற்கிறது என்பது அவர் வாதம். மனு பிரவிருத்தி என்று சொல்லி விட்டுக்கொடுத்த இடத்தையே இந்த அம்மையார் திருப்பிக் கேட்கிறார். இதிலே நான் சற்று வேறுபடுகிறேன். பெயரில்லாமல் இருந்தது அவருடைய நாட்டிலே; நம் நாட்டிலே பெயர் வந்து வெகுகாலமாயிற்று, அப்பெயரோ தின்பவன் கேட்டு வாங்கியதன்று. அவர் இட்ட பெயரும் மறுப்பவர் இட்ட பெயர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பெயரிட வந்தது சர்க்கார். உணவுப் பொட்டலங்களின் முகப்பைப் பற்றி 2011இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இயற்றிய விதிகள், பச்சைக் குறியையும் பழுப்புக் குறியையும் கட்டாயமாக்கி, எந்தப் பொருள் அசைவம் என்பதற்கு இலக்கணமும் வகுத்தன. விலங்கு, பறவை, நன்னீரிலும் கடலிலும் வாழும் பிராணி, முட்டை, விலங்கிலிருந்து கிடைக்கும் எந்தப் பொருள் சேர்ந்தாலும் அது அசைவம்; பாலும் பாலிற் செய்தவையும் விலக்கு. சிவனும் இல்லை, துறவறமும் இல்லை. ஊனைப் பற்றிய தமிழ்ச் சொற்களின் நீண்ட வழக்கிலே முதன்முறையாக ஒரு பெயர் வாசனையோ பாவமோ ஒட்டாமல் வந்து சேர்ந்தது. ஆனால் இந்த இலக்கணமும் பாலை வெளியே விட்டு முட்டையை உள்ளே தள்ளியதன் மூலம் ஒரு பழைய பந்தியின் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. அதனால் முட்டை அடைந்த இக்கட்டுகள் பல. 1989இல் தமிழகத்தின் சத்துணவுக் கூடங்களில் அது நுழைந்தபோது நேர்ந்தவற்றிலிருந்து அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குவோம்.

(தொடரும்)